வண்டிக்கு ஒரு முகமூடி!

உங்கள் காருக்கு மூக்கு எங்கே இருக்கிறது, தெரியுமா?

சிரிக்க வேண்டாம்! ஹெட்லைட் இரண்டும் கண்கள். பம்பர், வாய். நடுவே கம்பி கம்பியாகவோ சல்லடை மாதிரியோ ஒன்று இருக்கிறதே, 'கிரில்' என்கிறோமே... அதுதான் மூக்கு! உள்ளே தகிக்கும் என்ஜினைக் குளிர்விக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகிறது.

அந்த மூக்கைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கிற வேறொரு மூக்கை வாங்கி, பம்பர் மட்டும் பழசாகவே இருக்கும்படி மாட்டிக்கொள்வது இப்போது ஒரு மோகம். தேனிப் பக்கம் போனால் நன்றாகவே பார்க்கலாம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி வரை நீள்கிற சாலையில், எதிரே வரும் வண்டிகளின் முகத்தை மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள். கம்பெனியில் பிறந்தபோது இருந்த முகத்தோடு வருகிற வண்டிகளுக்கு நடுவே, புருவத்தை நெரித்து முறைக்கிற ஜீப், பல்லைக் கடிக்கிற வேன், முகம் பூராவும் கறுப்பு வலை போட்டுக்கொண்ட கார் என்று ரகரகமாக வரும். ஆக்சஸரீஸ் கடையில் கேட்டால், "அரை மணி நேரத்துல மாட்டிறலாம்ண்ணே" என்பார்கள். மாட்டியும் விடுவார்கள்!

மூக்கு மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால், அந்த மூக்கு உருவான கதை நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. அந்தக் கதை தெரிந்தால், கடை வாசலில் வண்டியை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பீர்கள்.

ஆரம்பத்தில் கார்களுக்கு மூக்கே கிடையாது! 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். என்ஜினைச் சுற்றி இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். தண்ணீர் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குதிரை சக்திகூட இல்லாத என்ஜினுக்கு இது போதும். பத்து, இருபது, முப்பது என்று குதிரைகள் கூடினால்? தண்ணீர் வண்டி ஒன்று கூடவே வர வேண்டியதுதான்!

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்ஹெல்ம் மேபாக். டெய்ம்லர் கம்பெனியின் தலைமை மூளை. எமில் ஜெல்லினெக் என்கிற பணக்கார வியாபாரி, "வேகமான கார் வேண்டும், தாழ்வாக, அகலமாக வேண்டும்" என்று நச்சரித்ததில் 1900-ன் கடைசியில் மேபாக் 35 குதிரை சக்தி கார் ஒன்றை உருவாக்கினார். அதன் முன்பக்கத்தில் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர். ஆறு மில்லிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070! குழாய்களுக்குள்ளே காற்று, வெளியே தண்ணீர். பின்னால் ஒரு விசிறி. அவ்வளவு பெரிய என்ஜினுக்கு வெறும் 9 லிட்டர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. ஜெல்லினெக் அந்தக் காருக்குத் தன் மகளின் பெயரை வைத்தார். அந்தச் சிறுமியின் பெயர்... மெர்சிடிஸ்!

காரின் முன்பக்கத்துக்கு முகம் என்று ஒன்று வந்தது இப்படித்தான். அழகுக்காக யாரும் வைக்கவில்லை. காற்று எதிரே வருகிறது, அதனால் ரேடியேட்டரும் எதிரே நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

கொஞ்ச நாளில் இன்னொரு தலைவலி. அந்தக் காலத்துச் சாலைகளில் ஜல்லி பறக்கும். ஒரு கல் பட்டால் ரேடியேட்டரில் ஓட்டை. தண்ணீர் ஒழுகி, வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். அதற்கு முன்னால் கம்பி வலை கட்டினார்கள். 1920-களில் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் ஓடிய பென்ட்லி கார்களின் படத்தைப் பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் அந்த வலை தெரியும். இன்று கடையில் 'ஸ்போர்ட்டி லுக்' என்று விற்கிற கறுப்பு வலைக்குத் தாத்தா இதுதான். ஆனால், தாத்தாவுக்கு ஒரு வேலை இருந்தது. காற்றை விட வேண்டும், கல்லைத் தடுக்க வேண்டும்!

வேலைக்காரன் எப்போது மாப்பிள்ளை ஆனான்? 1930-களில் ரேடியேட்டர் பின்னால் ஒளிந்துகொண்டது. அதை மூடிய கிரில், காரின் அடையாள அட்டையாக மாறியது. 1950-களில் அமெரிக்காவில் இந்தப் பைத்தியம் முற்றியது. 1958-ம் வருஷத்து பியூக் காரின் முகத்தில் பளபளவென்று 160 குரோமியச் சதுரங்கள் பதித்திருந்தார்கள். நகைக்கடை ஷோகேஸ் தோற்றது!

நம் ஊர் மட்டும் சளைத்ததா? அம்பாஸடரை நினைத்துப் பாருங்கள். 1950-களின் கடைசியில் வந்த கார். 1963-ல் நெருக்கமான கட்டங்கள் போட்ட புது கிரிலோடு வந்தது 'மார்க் 2'. 1975-ல் வேறு கிரிலோடு 'மார்க் 3'. 1979-ல் இன்னொரு கிரில், 'மார்க் 4'. உடம்பு பெரும்பாலும் அதே உடம்பு. முகத்தை மாற்றினால் புது மாடல்! தேசமே அதை ஏற்றுக்கொண்டது. 2014-ல் உற்பத்தி நிற்கும் வரை, டாக்ஸி ஸ்டாண்டில் 'அது பழைய அம்பாஸடர், இது புதுசு' என்று நாம் கிரிலைப் பார்த்துத்தானே அடையாளம் சொன்னோம்?

சரி, கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். இங்கே ராஜா அம்பாஸடர் இல்லை. ஜீப்!

பள்ளத்தாக்கின் மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். மேலே ஏற முக்கியமாக மூன்று வழிகள்... குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. காய் எடுக்க, களை வெட்ட தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து பெண்கள் விடியும் முன்பே தூக்குவாளியோடு கிளம்பி, ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டிப் போய், சாயங்காலம் திரும்புகிறார்கள். இந்த மலைப் பொருளாதாரத்தையே சுமந்த வண்டி அது.

அந்த ஜீப்பின் முகத்தில் நெட்டுக்குத்தாக வரிசையாக ஓட்டைகள் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் ஒரு உலகப் போர் இருக்கிறது!

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி ஜீப் தயாரித்தபோது, இரும்புப் பட்டைகளை ஒன்றொன்றாக வெல்டிங் வைத்துத்தான் கிரில் செய்தார்கள். வீட்டு ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும். முதல் 25 ஆயிரம் வண்டிகள் அப்படித்தான் வந்தன. அதே ஜீப்பைச் செய்யும் ஆர்டர் ஃபோர்டு கம்பெனிக்கும் போனது. ஃபோர்டு ஆட்கள் பார்த்தார்கள். 'எதுக்குய்யா இத்தனை வெல்டிங்?' ஒரே தகடு. அச்சில் வைத்து ஓங்கி ஒரு குத்து. ஒன்பது ஓட்டைகள். வேலை முடிந்தது! எடை குறைவு, செலவும் குறைவு. அதையே வில்லிஸும் எடுத்துக்கொண்டது. போர் முடிந்து 1945-ல் பொதுமக்களுக்கான ஜீப் வந்தபோது, ஹெட்லைட் பெரிதாகிவிட்டதால் ஓட்டைகள் ஏழாகின. இன்று உலகம் முழுக்க ஜீப்பின் முத்திரையாகப் பார்க்கப்படும் அந்த ஏழு ஓட்டைகள், சிக்கனத்துக்குப் பிறந்த பிள்ளைகள்!

அதே 1945-ல் இந்தியாவில் ஒரு கம்பெனி ஆரம்பமாகிறது. மகிந்திரா அண்ட் முகமது. மகிந்திரா சகோதரர்களோடு மாலிக் குலாம் முகமது. 1947-ல் அவர்கள் வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டித் தர ஆரம்பித்தார்கள். அதே வருஷம் தேசம் இரண்டாகப் பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதியமைச்சர் ஆனார். பிற்பாடு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948-ல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. ஜீப் மட்டும் எந்தப் பிரிவினையும் தெரியாமல் மலை ஏறிக்கொண்டிருந்தது.

எழுபது வருஷம் கழித்து, அந்த முகமே கோர்ட் படியேறியது! 2018-ல் மகிந்திரா, அமெரிக்காவில் 'ராக்ஸர்' என்று ஒரு வண்டியை இறக்கியது. தோட்டம், காடு, பண்ணைகளில் ஓட்டுவதற்கான வண்டி. பார்த்தால் அசல் பழைய ஜீப். அப்போது ஜீப் பிராண்டை வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர், "இது எங்கள் வண்டியின் உருவம்" என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் போனது. தட்டையான பக்கங்கள், பானெட்டின் வெளிப்பக்கக் கொக்கிகள், உருண்டை விளக்குகள், நெட்டு ஓட்டைகள் போட்ட கிரில் என்று எல்லாமே விசாரணைக்கு வந்தன. 2020 ஜூனில் தீர்ப்பு மகிந்திராவுக்கு எதிராகப் போனது. மகிந்திரா என்ன செய்தது? முகத்தை மாற்றியது! புது முகத்தோடு வந்த ராக்ஸரை அதே ஆணையம் டிசம்பரில் அனுமதித்தது.

கூத்து இனிமேல்தான். அந்த 2020-லேயே இந்தியாவில் புது 'தார்' விற்பனைக்கு வந்தது. ஜீப்பின் ஏழு ஓட்டை முகம் அதற்கு இல்லை. வாங்கியவர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? நேரே கடைக்குப் போய், ஏழு ஓட்டை வைத்த கிரிலை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்! கடல் கடந்து இத்தனை வக்கீல்கள் வாதாடிய முகம், இங்கே ஆக்சஸரீஸ் கடை ஆணியில் தொங்குகிறது. முறைக்கிற மாதிரி வேண்டுமா? அதற்கும் 'ஆங்ரி பேர்ட்' என்று ஒரு ரகம் இருக்கிறது.

'ஆசைக்கு மாட்டிக்கிறான், உனக்கென்ன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் போடிமெட்டுச் சாலையில் இருக்கிறது.

போடியிலிருந்து மூணாறு போகிற பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டு, கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல். கீழே சமவெளியில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று தானாகவே முகத்தில் அறையும். மூக்கு கொஞ்சம் அடைத்திருந்தாலும் தெரியாது. மலை ஏறும்போது? வேகம் இருபது, இருபத்தைந்து. கியர் இரண்டில். என்ஜின் உச்சக்கட்ட உழைப்பில். அதாவது, காற்று மிக அதிகமாகத் தேவைப்படுகிற நேரத்தில்தான் காற்று மிகக் குறைவாகக் கிடைக்கிறது! அந்தக் காலத்து டிரைவர்கள் வளைவுக்கு வளைவு நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, கேன் தண்ணீரை ஊற்றியது இதனால்தான். இன்றைய காரில் ஏ.ஸி. வேறு இருக்கிறது. அதன் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்ஸர், ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கிறது. ஒரே மூக்கில் இரண்டு பேர் மூச்சு விட வேண்டும்!

இந்த இடத்தில் கறுப்பு வலையை மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சின்னக் கணக்கு ஒன்று. எட்டு மில்லிமீட்டர் சதுர ஓட்டை, இரண்டு மில்லிமீட்டர் கம்பி. பார்வைக்கு எல்லாம் ஓட்டையாகத்தான் தெரியும். ஆனால், பத்துக்குப் பத்து கட்டத்தில் திறந்திருப்பது எட்டுக்கு எட்டு. நூற்றுக்கு 64. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்தாயிற்று! இன்னும் சில கிரில்களில் ஓட்டை மாதிரி அச்சுப் போட்டிருப்பார்கள், உள்ளே கை விட்டால் பிளாஸ்டிக் சுவர். மூக்கு மாதிரி வரைந்த படம்!

மாட்டுகிற விதத்திலும் சங்கதி உண்டு. இன்றைய பம்பர், நம் அப்பா காலத்து இரும்புப் பம்பர் இல்லை. வெளியே தெரிவது பிளாஸ்டிக் தோல். அதற்குள்ளே நுரை மாதிரி ஒரு மெத்தை அல்லது நசுங்குவதற்கு இடம். அதற்கும் பின்னால்தான் இரும்புச் சட்டம். சக்கரத்தருகே உள்ள ஸ்க்ரூக்களையும் மேலே உள்ள கிளிப்புகளையும் கழற்றினால் தோல் மொத்தமாகக் கையோடு வரும். பழைய கிரிலின் கொக்கிகளை விடுவித்துப் புதியதை உட்கார வைக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் 'டக்' என்று உட்காரும். இல்லாவிட்டால் கொக்கியை வெட்டுவார்கள், பம்பரில் ஓட்டை போடுவார்கள், கேபிள் டை போட்டுக் கட்டுவார்கள். குண்டும் குழியுமான பாதையில் ஆறு மாதம் ஓடினால் கடகடவென்று சத்தம் வரும். இப்போது சில கார்களில் எதிரே வரும் வண்டியை உணர்கிற ரேடார் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதன் மேல் உலோக வலையைப் போட்டால், கண்ணில் துணி கட்டிய கதைதான்.

இது போதாது என்று சிலர் முகத்துக்கு முன்னால் இரும்புக் குழாயில் ஒரு கவசமும் மாட்டுகிறார்கள். நம் ஊரில் அதையும் 'பம்பர்' என்றே சொல்கிறோம்.

அதற்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1830-ல் இங்கிலாந்தில் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதை திறந்த அன்றே, ஹஸ்கிஸன் என்கிற பார்லிமென்ட் உறுப்பினர் என்ஜினில் அடிபட்டு இறந்தார். அந்த ரயில்களைக் கவனித்த ஒருவர், தண்டவாளத்தில் கிடப்பதை ஒதுக்கித் தள்ள என்ஜினுக்கு முன்னால் ஒரு சாதனம் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அவர் யார்? கம்ப்யூட்டருக்கு முன்னோடி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சார்லஸ் பாபேஜ்! அமெரிக்காவில் அது மாடுகளைத் தள்ளுகிற 'கௌ கேட்ச்சர்' ஆனது. 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. 2010 முடிவில் நின்றுபோய், 2023-ல் அகலப்பாதையில் மறுபடி வந்தது. அந்த ரயில் என்ஜினின் முகத்துக்குக் கீழே இன்றும் பாபேஜின் வாரிசைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் இரவில் குறுக்கே பாயும் கங்காருகளுக்காக அதே யோசனை காருக்கு வந்தது. ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தில், நூறு மைலுக்கு அப்பால்தான் அடுத்த ஒர்க் ஷாப் என்றால், அதற்கு அர்த்தம் உண்டு.

கம்பத்து மார்க்கெட் தெருவில் எந்த கங்காரு குறுக்கே வருகிறது? வருவது மனிதர்கள்!

1896-ல் லண்டனில், பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்கிற பெண்மணி நடந்து போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார். பெட்ரோல் காருக்கு பிரிட்டன் பலி கொடுத்த முதல் பாதசாரி. அதன் பிறகு நூறு வருஷம், காரின் முகத்தை வடிவமைத்தவர்கள் முதலில் என்ஜினைப் பற்றி யோசித்தார்கள். அப்புறம் அழகைப் பற்றி. அப்புறம் உள்ளே உட்காருபவர்களைப் பற்றி. எதிரே நடந்து வருபவரைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வந்தது. பம்பரின் பிளாஸ்டிக் தோல், உள்ளே நுரை, கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற பானெட்... இதெல்லாம் அவர் காலும் தலையும் தப்பிக்க ஒரு வாய்ப்பு. 2005-ல் ஐரோப்பிய யூனியன், வண்டியின் முன் மாட்டும் கவசங்களுக்குக் கடுமையான விதி கொண்டுவந்தது. இந்தியாவிலும் 2018-லிருந்து, பாதசாரியின் காலுக்கும் தலைக்கும் என்ன ஆகும் என்ற சோதனை புது கார்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமானது.

அந்தச் சோதனையில் தேறிய முகத்துக்கு முன்னால் ஓர் இரும்புக் குழாய். அத்தனை படிப்பும் வீண்! உள்ளே இருப்பவருக்காவது லாபமா? அதுவும் இல்லை. நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்காமல், அடியை நேரே சேஸிஸுக்குக் கடத்துகிறது அந்தக் குழாய். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று கம்பெனி போட்ட கணக்கும் குழம்பலாம்.

அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்தக் கவசங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாட்டிலும் அதிகாரிகள் ரோட்டில் நிறுத்திக் கழற்ற வைத்தார்கள். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில் என்று வந்தது.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32 ஆயிரத்துக்கும் மேல். தினம் சுமார் 90 பேர்! விடியற்காலை இருட்டில் தூக்குவாளியோடு ஜீப்புக்காக ரோட்டோரம் நிற்கிற பெண்ணும், ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடுகிற பையனும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடக் கூடாது என்பதுதான் இத்தனை சட்டங்களுக்கும் பொருள்.

அப்படியென்றால் கிரிலை மாற்றவே கூடாதா? உடைந்துபோனால் மாற்றத்தானே வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே கம்பெனி அங்கீகரித்த கிரில் கிடைக்கிறதா, பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எதில் வெளிச்சம் அதிகம் வருகிறதோ அதில்தான் காற்றும் அதிகம் வரும். பம்பரை வெட்டாமல், புதிதாக ஓட்டை போடாமல், பழைய கொக்கியிலேயே உட்காருகிறதா என்று கேளுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை எதுவும் இருந்தால், கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஒன்றை யோசித்தீர்களா? இத்தனை காசு செலவழித்து மாட்டுகிற இந்த முகத்தை, ஸ்டீயரிங் பிடிக்கிறவர் ஓட்டும்போது பார்க்கவே முடியாது. அவர் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்கிறவர் எதிரே ரோட்டைக் கடக்கிற ஆள் மட்டுமே.

அவருக்கு எந்த முகத்தைக் காட்டப் போகிறீர்கள்?